கார் ஃபேனும் கம்ப்யூட்டர் ஃபேனும்: மாற்றும் முன் 'ஏன்' என்று கேளுங்கள்

கம்ப்யூட்டர் இதழில் காரைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் ஒரு விஷயத்தை, 20 வயதைத் தாண்டிய எங்கள் வீட்டுக் கார்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தது. கோவையில் ஒரு நிறுவனத்தில் சாஃப்ட்வேர் இன்ஜினியராகப் பணியாற்றுகிறேன். தினமும் மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் பிழை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அப்படிப்பட்ட நானே ஒரு சின்ன ஃபேன் விஷயத்தில் இரண்டு தவறுகள் செய்தேன். அந்த இரண்டையும் நீங்கள் உங்கள் கம்ப்யூட்டரில் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

நடந்தது இதுதான்

2004ஆம் ஆண்டு, நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா வாங்கிய சின்னக் கார் அது. ஆர்.சி. புதுப்பித்து இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அதில் ஏ.சி., ஹீட்டர் இரண்டுக்கும் காற்றை ஊதுவது ஒரே ஃபேன்தான். புளோயர் என்று சொல்வார்கள். டேஷ்போர்டில் ஒரு திருகு. அதில் 1, 2, 3, 4 என்று நான்கு வேகங்கள்.

2024 ஜூன் மாதம் அந்த ஃபேன் தகராறு செய்ய ஆரம்பித்தது. 2ல் வைத்தால் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. ரோட்டில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கினால் திடீரென்று ஓட ஆரம்பிக்கும். 4ல் வைத்தால் மட்டும் எப்போதும் ஓடும். அப்பா டேஷ்போர்டை ஒரு தட்டு தட்டுவார். ஓடும். "பாத்தியா, சரியாயிருச்சு" என்பார்.

ஆகஸ்ட் மாதத்துக்குப் பிறகு 1, 2, 3 மூன்றுமே நின்றுவிட்டன. 4 ஒன்றுதான் வேலை செய்தது. சத்தம் அதிகம், ஆனால் காற்று வருகிறதே என்று விட்டுவிட்டோம்.

அந்த நவம்பரில் கோத்தகிரியில் அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போனோம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திரும்பி இறங்கும்போது மாலை நேரம். நல்ல மழை. வண்டியில் அப்பா, அம்மா, தங்கை, நான் என நான்கு பேர். கண்ணாடி எல்லாம் ஏற்றிவிட்டிருந்தோம். முன் கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படியத் தொடங்கியது. நான் ஹீட்டரைத் திருப்பி, ஃபேனை 4ல் வைத்திருந்தேன். பாதி இறக்கத்தில் ஏதோ கருகும் வாடை வந்தது. ஃபேன் நின்றது. 4ம் போய்விட்டது.

ஒரு நிமிடத்துக்குள் முன் கண்ணாடி முழுவதும் வெள்ளையாகிவிட்டது. எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு ஒரு பெரிய மஞ்சள் வட்டமாகத் தெரிகிறதே தவிர, பஸ் எங்கே இருக்கிறது, ரோட்டின் ஓரம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அப்பா துண்டை எடுத்துத் துடைக்கத் துடைக்க மீண்டும் படிகிறது. அந்தப் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களை உரசுவது போலக் கடந்து போனது. நல்ல வேளையாகக் கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடை. அங்கே ஓரம் கட்டினேன். ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்தபோதுதான் கை நடுங்குவது தெரிந்தது.

பிறகு நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, மழைச்சாரல் உள்ளே அடிக்க, மெதுவாக மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தோம். அம்மா நனைந்துகொண்டே வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஃபேன் நின்றால் ஏன் இவ்வளவு ஆபத்து?

நம் மூச்சுக் காற்றில் ஈரம் இருக்கிறது. மழையில் வெளிக் கண்ணாடி குளிர்ந்து கிடக்கிறது. அந்த ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீர்த்துளியாகிறது. ஹீட்டரின் சூடான காற்றைக் கண்ணாடி மேல் ஊதினால் கண்ணாடியும் சூடாகும், படிந்த ஈரமும் காய்ந்துவிடும். ஏ.சி.யையும் சேர்த்துப் போட்டால் இன்னும் விரைவாகத் தெளியும், ஏனென்றால் ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தைப் பிரித்து வெளியேற்றிவிடுகிறது. வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் வைக்க வேண்டும். உள்காற்றையே சுற்றவிட்டால் ஆவி கூடுமே தவிரக் குறையாது.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஃபேன் ஓட வேண்டும். எங்கள் காரைப் போன்ற பல பழைய கார்களில் ஃபேன் ஸ்விட்ச் வேலை செய்யாவிட்டால் ஏ.சி.யும் ஓடாது. ஆக, 'காற்று கொஞ்சம் குறைவாக வருகிறது' என்று நாங்கள் அலட்சியமாக விட்ட ஒன்று, மலைப்பாதையில் எங்கள் கண்ணைக் கட்டிவிட்டது.

நான்கு வேகம் எப்படி வருகிறது?

இதைப் புரிந்துகொள்ள உங்கள் வீட்டு சீலிங் ஃபேனை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் சுவரில் பெரிய பெட்டி போல ஒரு ரெகுலேட்டர் இருக்கும். கையை வைத்துப் பார்த்தால் சூடாக இருக்கும். உள்ளே ரெசிஸ்டன்ஸ் கம்பிச் சுருள் இருக்கிறது. ஃபேனுக்குப் போக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதியை அது வெப்பமாக்கி வீணடிக்கிறது. மிச்சம் ஃபேனுக்குப் போகிறது. அதனால் வேகம் குறைகிறது.

காரிலும் இதே கதைதான். 1ல் வைத்தால் எல்லாச் சுருள்களின் வழியாகவும் கரண்ட் போகும். 2ல் வைத்தால் ஒரு சுருள் விலக்கப்படும். 3ல் இன்னொன்று விலக்கப்படும். 4ல் வைத்தால் எந்தச் சுருளும் இல்லாமல் நேராகப் போகும். இந்தச் சுருள்கள் உள்ள சிறிய பாகத்துக்குப் புளோயர் ரெசிஸ்டர் என்று பெயர்.

ஒரு சிறிய கணக்குப் போடலாம். பேட்டரி 12 வோல்ட். குறைந்த வேகத்தில் மோட்டாருக்கு 5 வோல்ட், 4 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 7 வோல்ட் சுருளில் விழுகிறது. 7ஐ 4ஆல் பெருக்கினால் 28 வாட். ரேடியோ மெக்கானிக் கடையில் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அந்த அளவு சூடு, கட்டைவிரல் நீளச் சுருளில்!

அது ஏன் உருகிப் போவதில்லை? ஃபேன் ஊதும் காற்றுப் பாதையிலேயே அதைப் பொருத்தியிருக்கிறார்கள். ஃபேனின் வேகத்தைக் குறைக்கும் பாகத்தை அதே ஃபேன்தான் குளிர்விக்கிறது. காற்று குறைந்தால் சுருள் சூடேறும். அளவு மீறினால் துண்டித்துவிட அதிலேயே ஒரு வெப்ப ஃப்யூஸ் இருக்கிறது. அது போய்விட்டால் 1, 2, 3 மூன்றும் நிற்கும். சுருள் வழியாகப் போகாத 4 மட்டும் ஓடும். எங்கள் காரில் ஆகஸ்டில் ஆனது இதுதான்.

நான் செய்த முதல் தவறு

ஜூன் மாதமே எனக்கு இது ரெசிஸ்டர் கோளாறு என்று தெரிந்துவிட்டது. இன்ஜினியரிங் படித்தவன் அல்லவா! புதிய ரெசிஸ்டர் ஒன்றை வாங்கினேன். கிளவ் பாக்ஸைக் கழற்றினால் பின்னால் இருக்கிறது. இரண்டு ஸ்க்ரூ, ஒரு கனெக்டர். பத்து நிமிட வேலை. மாற்றினேன். நான்கு வேகமும் ஓடின. அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

இரண்டே மாதத்தில் புதிய ரெசிஸ்டரும் போனது.

கவனியுங்கள். நான் 'எது போனது?' என்று மட்டும் கேட்டேன். 'ஏன் போனது?' என்று கேட்கவில்லை. இருபது வருடம் உழைத்த ஒரு பாகம் போனால் வயது ஆகிவிட்டது என்று சொல்லலாம். இரண்டு மாதத்தில் போனால்? போலி ஸ்பேர் என்று கடைக்காரரைத் திட்டினேன். அவர் மேல் தவறே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

இரண்டாவது தவறு: அட்ஜஸ்ட் செய்துகொண்டது

ஆகஸ்டுக்குப் பிறகு 4ல் மட்டும் ஓட்டினோம் அல்லவா? 'ஒன்றாவது ஓடுகிறதே' என்ற நினைப்பு. எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஒர்க்அரவுண்ட் என்று பெயர். பிழையைச் சரி செய்யாமல் அதைச் சுற்றிக்கொண்டு போவது. தற்காலிகம் என்று சொல்லித்தான் ஆரம்பிப்போம். பிறகு அதுவே வழக்கமாகிவிடும்.

எங்கள் காரில் 4ல் ஓடும்போது சுருளில் கரண்ட் போகாதே தவிர, அந்தக் கனெக்டரின் வழியாகத்தான் போக வேண்டும். அதுவும் முழு கரண்ட். அந்தக் கனெக்டரின் ஒரு பின் ஏற்கெனவே தளர்ந்து போயிருந்தது. பள்ளத்தில் இறங்கினால் ஃபேன் ஓடியதும், அப்பா தட்டினால் ஓடியதும் அதனால்தான். தளர்ந்த இணைப்பில் தடை அதிகம். தடை இருக்கும் இடத்தில் சூடு வரும். மூன்று மாதம் அந்த இடத்தில் முழு கரண்ட்டை ஓட்டி, நாங்களே அதை உருக்கிவிட்டோம். மலைப்பாதையில் வந்த கருகல் வாடை அந்தக் கனெக்டரின் பிளாஸ்டிக்.

ஒர்க்அரவுண்ட் இலவசம் இல்லை. அதற்கான விலையை வேறு ஒரு பாகம் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் மொத்தமாகக் கணக்குத் தீர்க்கும்.

மெக்கானிக் சொன்னது

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பத்து வண்டிகள் வரிசையில் நின்றன. அண்ணன் ஒருவர் வந்து ஸ்விட்சைத் திருப்பிப் பார்த்தார். "புளோயர் அசெம்ப்ளியே மாத்திரலாங்க தம்பி. ஒயரிங்கும் பழசாயிருச்சு. எல்லாஞ் சேத்து ஒம்பதாயிரம் ஆகுங்க. பிரச்சினையே இருக்காது" என்றார்.

அடுத்து ஒரு எலக்ட்ரீசியன். அவர் வேறு மாதிரி. "எதுக்குங்க அவ்வளவு செலவு? அந்த ரெசிஸ்டரு, ஃப்யூசு எல்லாம் எடுத்துப்போட்டு டைரக்ட் குடுத்தர்லாங்க. முந்நூறு ரூபாய்ல முடிஞ்சிரும்" என்றார்.

டைரக்ட்! நம் ஊரில் இந்த ஒரு வார்த்தையை நம்பி எத்தனை வண்டிகள் ஓடுகின்றன! பாதுகாப்புக்காக வைத்த ஒன்றை எடுத்துவிட்டு ஒயரை நேராக முறுக்கிவிடுவது. ஓடும், சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்த முறை சூடேறும்போது துண்டிக்க எதுவும் இருக்காது. டேஷ்போர்டுக்குள் ஒயர்தான் எரியும். அதிகச் சூட்டைக் காட்டிக் கம்ப்யூட்டர் எச்சரிக்கை தருகிறது என்பதற்காக அந்த எச்சரிக்கையை அணைத்து வைப்பவர்களும், இடைஞ்சல் செய்கிறது என்று ஆன்ட்டி வைரஸை நீக்கிவிடுபவர்களும் செய்வது இதே 'டைரக்ட்' வேலைதான்.

ஒருவர் தேவைக்கு மேல் மாற்றச் சொன்னார். இன்னொருவர் தேவையானதையே எடுத்துவிடச் சொன்னார். இருவருமே 'ஏன் போனது' என்று பார்க்கவில்லை. நானும் ஜூனில் பார்க்கவில்லையே, அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

திறந்து பார்த்தேன்

ஞாயிற்றுக்கிழமை காலை சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்தேன். இந்த முறை மாற்றுவதற்காக அல்ல, பார்ப்பதற்காக.

கனெக்டரின் ஒரு மூலை பழுப்பேறி உருகியிருந்தது. ரெசிஸ்டரின் வெப்ப ஃப்யூஸ் துண்டாகியிருந்தது. மல்டிமீட்டரில் சுருள்களை அளந்தேன். இவை சில ஓம்கள்தான் இருக்கும். மீட்டரின் ஒயரே அரை ஓம் வரை காட்டக்கூடும். அதனால் முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றாகத் தொட்டு, அந்த அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும். சுருள்கள் நன்றாகவே இருந்தன.

அடுத்து மோட்டாரைக் கழற்றினேன். அங்கேதான் விஷயம் இருந்தது. எங்கள் வீட்டு வாசலில் புங்க மரம். இருபது வருடமாகக் கார் அதன் நிழலில்தான் நிற்கிறது. எங்கள் காரில் காற்றை வடிகட்டும் ஃபில்டர் கிடையாது. சருகும் பூவும் தூசியும் சேர்ந்து ஃபேனின் இறக்கைகளுக்குள் களிமண் போல இறுகியிருந்தன. சக்கரம் ஒரு பக்கம் உறையில் உரசியது. பேரிங்கும் வறண்டிருந்தது. கையால் சுற்றினால் அரைச் சுற்றில் நின்றது.

நண்பனிடம் இரவல் வாங்கிய டி.சி. கிளாம்ப் மீட்டரில், தற்காலிகமாக ஒயர் கொடுத்து அளந்தேன். முழு வேகத்தில் 17 ஆம்பியர். சுத்தம் செய்து, பேரிங்கில் எண்ணெய் விட்ட பிறகு அதே மோட்டார் 12 ஆம்பியர்தான் எடுத்தது!

இப்போது கதை முழுவதும் புரிந்தது. சருகு சேர்ந்ததால் மோட்டார் திணறி அதிக கரண்ட் எடுத்தது. அதே சருகினால் காற்றும் குறைந்தது. அதிக கரண்ட்டில் சூடேறிய சுருளுக்குக் குளிர்விக்கக் காற்று இல்லை. அதனால் புதிய ரெசிஸ்டரும் போனது. 17 ஆம்பியர் ஓடும் கனெக்டரில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலே 29 வாட் சூடு வரும். அதனால் கனெக்டர் உருகியது. மெயின் ஃப்யூஸ் ஏன் போகவில்லை? அது 20 ஆம்பியர். 17 அதன் எல்லைக்குள்தான். ஃப்யூஸ் போகவில்லை என்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள் இல்லை.

ரெசிஸ்டரும் கனெக்டரும் புதிது போட்டேன். மோட்டார் பழையதுதான். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. காற்று நுழையும் இடத்தில் ஒரு கம்பி வலையும் பொருத்தினேன். இன்றுவரை நான்கு வேகமும் ஓடுகின்றன.

உங்கள் காரிலும் இப்படி இருந்தால் எந்த வேகம் ஓடவில்லை என்று முதலில் பாருங்கள். 4 மட்டும் ஓடினால் பெரும்பாலும் ரெசிஸ்டர். ஏதோ ஒரு வேகம் மட்டும் ஓடாவிட்டால் ஸ்விட்ச் அல்லது ஒரு சுருள். எல்லா வேகமும் விட்டுவிட்டு ஓடினால் கனெக்டர், எர்த் அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ். உங்கள் காரில் ஏர் பேக் இருந்தால், டேஷ்போர்டில் மஞ்சள் நிறக் கனெக்டர் எதையும் தொட வேண்டாம். அது மெக்கானிக்கின் வேலை.

கம்ப்யூட்டருக்குள்ளும் இதே ஃபேன்

இப்போது உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம். அதிலும் ப்ராசசருக்கு மேல் ஒரு 12 வோல்ட் ஃபேன் சுழல்கிறது. அதன் வேகமும் கூடிக் குறைகிறது. ஆனால் அங்கே சுருள் இல்லை.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் ப்ராசசர் ஃபேனில் பெரும்பாலும் நான்கு ஒயர்கள் இருக்கும். ஒன்று எர்த், ஒன்று 12 வோல்ட். மூன்றாவது, ஃபேன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று மதர்போர்டுக்குச் சொல்லும் ஒயர். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு துடிப்புகளை அனுப்பும். நான்காவது, மதர்போர்டு ஃபேனுக்குக் கட்டளை தரும் ஒயர். பி.டபிள்யூ.எம். என்ற முறையில், ஒரு விநாடியில் சுமார் 25 ஆயிரம் முறை மோட்டாரை ஆன் செய்து ஆஃப் செய்கிறது. ஆன் நேரம் அதிகமானால் வேகம் கூடும், குறைந்தால் வேகம் குறையும். ஸ்விட்ச் ஒன்று முழுவதும் ஆன், இல்லாவிட்டால் முழுவதும் ஆஃப் என்பதால் வெப்பமாக வீணாவது மிகக் குறைவு. ஆட்டோமேடிக் ஏ.சி. உள்ள பல கார்களிலும் சுருளுக்குப் பதில் எலக்ட்ரானிக் கட்டுப்பாடுதான் இருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த மூன்றாவது ஒயர். ஃபேன் நின்றால் அது சொல்லிவிடும். கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போதே ஃபேன் எர்ரர் என்று செய்தி வரும். எங்கள் பழைய காரில் அப்படி ஒரு ஒயர் இல்லை. அது சத்தத்தாலும் வாடையாலும், விட்டுவிட்டு ஓடியும் சொல்லிப் பார்த்தது. நாங்கள் கேட்கவில்லை. டேஷ்போர்டைத் தட்டினோம்.

கம்ப்யூட்டரும் பல விதத்தில் சொல்கிறது. மதியம் வெயிலில் மட்டும் தானாக அணைகிறதா? ஃபேன் எப்போதும் உச்ச வேகத்தில் இரைகிறதா? கேம் ஆடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் மெதுவாகிறதா? ப்ராசசர் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அளவு மீறினால் அணைந்துவிடும். இது ஆகஸ்டில் துண்டான வெப்ப ஃப்யூஸ் செய்த அதே வேலை. தூசி அடைத்த ஃபேனாக இருக்கலாம், ப்ராசசர் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். லேப்டாப்பை மெத்தை மேல் வைத்துக் காற்றுத் துளையை நீங்களே மூடியிருக்கலாம்.

நாம் எதற்குக் கூலி தருகிறோம்?

சென்ற மாதம் பக்கத்து வீட்டு அக்கா லேப்டாப்பைக் கொண்டு வந்தார். மெதுவாக இருக்கிறது என்று ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். ஃபார்மேட் செய்து கொடுத்துவிட்டார்கள். பையனின் முதல் பிறந்த நாள் போட்டோக்கள் எல்லாம் போய்விட்டன. வேறு எங்கும் காப்பி இல்லை. லேப்டாப் இரண்டு நாளில் மறுபடியும் மெதுவாகிவிட்டது. காற்றுத் துளையில் தூசி அடைத்துக் கிடந்தது. தூசி போயிற்று, லேப்டாப் சரியாயிற்று, போட்டோக்கள் வரவில்லை. அந்த அக்கா அழுததைப் பார்த்த பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

கடைக்காரர்கள் எல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தவறு நம் பக்கமும் இருக்கிறது. ஒரு பாகத்தை மாற்றினால் பணம் தருகிறோம். ஃபார்மேட் செய்தால் பணம் தருகிறோம். ஆனால் ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கோளாறைக் கண்டுபிடித்து, "ஒண்ணுமில்லைங்க, தூசிதான்" என்று சொன்னால், "இதுக்கு எதுக்குக் காசு?" என்று கேட்கிறோம். கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லை, மாற்றுவதற்குத்தான் கூலி என்று நாம்தான் பழக்கி வைத்திருக்கிறோம். பிறகு அவர்கள் மாற்றாமல் என்ன செய்வார்கள்? பத்து வண்டி வரிசையில் நிற்கும்போது, ஒரு வண்டிக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் எந்த மெக்கானிக் செலவிட முடியும்?

நேரத்துக்கும் மதிப்பு உண்டே, எனக்கு ஒரு நாள் முழுவதும் வீணாயிற்றே என்று நண்பர்கள் கேட்டார்கள். உண்மைதான். எல்லோரும் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேலையை மற்றவரிடம் கொடுங்கள். கேள்வியை மட்டும் நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

கோளாறு எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு இந்தத் தாள்தான் பெரிய உதவி. தட்டினால் சரியாகிறது, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்றால் அது சரியாகவில்லை என்று பொருள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது.

கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொடுக்கும் முன், உங்கள் போட்டோக்களையும் முக்கிய ஃபைல்களையும் வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்துவிடுங்கள். "என்னைக் கேட்காமல் ஃபார்மேட் செய்ய வேண்டாம்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். "இது ஏன் போனது?" என்று கேளுங்கள். "கண்டுபிடிக்க எவ்வளவு கூலி?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்டால்தான் முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கும்.

டெஸ்க்டாப்பைத் திறந்து தூசி தட்டுவதானால் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுழலவிட வேண்டாம். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். வாரண்டி உள்ள லேப்டாப்பைத் திறக்க வேண்டாம். காற்றுத் துளைகளை மட்டும் சுத்தமாக வைத்திருங்கள்.

நான் முதலில் போன ஒர்க்‌ஷாப்புக்குப் போன மாதம் பிரேக் சத்தத்துக்காக மறுபடியும் போனேன். அந்த அண்ணனிடம், "எதையும் மாத்த வேண்டாங்க. என்னன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அதுக்கு எவ்வளவுங்க?" என்று கேட்டேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "இப்படி யாருங்க கேக்கறாங்க?" என்று சிரித்தார். அரை மணி நேரம் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சிறிய கல்லை எடுத்து என் கையில் கொடுத்தார். டிஸ்க்குக்கும் அதன் பின் தகட்டுக்கும் நடுவே மாட்டியிருந்தது. 300 ரூபாய் கொடுத்தேன்.

அப்பா இப்போதும் கார் ஏறியதும் ஃபேனை ஒன்றாம் நம்பரில் வைத்து, காதைக் கொடுத்துக் கேட்கிறார். டேஷ்போர்டைத் தட்டுவதை விட்டுவிட்டார். நீங்களும் இன்று உங்கள் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் ஒரு நிமிடம் அதன் ஃபேன் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். நன்றாக இருக்கும்போது அது எப்படி ஒலிக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தால்தான், கெடும்போது உங்களுக்குத் தெரியும்.